தெங்கேராவிலிருந்து ஆம்ஸ்டர்டாம்: பிள்ளைகளோடு ஒரு வாரம்

தெங்கேரா என்ற பெயரே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. மரங்களை நட்டு எழுப்பிய அரணை அவர்கள் ‘ட்ரான்கேய்ரா’ என்றார்கள். மலாக்காக் கோட்டைக்கு வெளியே அப்படியோர் அரண் இருந்த பகுதி மலாய்க்காரர் வாயில் தெங்கேரா ஆயிற்று. அந்தச் சாலையில் நின்று பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைக்கு ஐரோப்பா முழுவதும் அந்நியமான இடமல்ல. தினமும் அது ஐரோப்பாவின் மிச்சங்களைக் கடந்துதான் போய் வருகிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் யோசனை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை: மலாக்காப் பிள்ளையை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவதென்றால் ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துப் போங்கள். போவதற்கு முன் மலாக்காவை அதற்குக் காட்டுங்கள்.

பயணச்சீட்டு வாங்கிய வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்டார் ஹிலிருக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் கூட்டம் குறைவு. அ ஃபமோசா கோட்டையில் மிஞ்சி நிற்கும் சந்தியாகோ வாசலின் நெற்றியில் ஒரு சின்னமும் 1670 என்ற ஆண்டும் கல்லில் இருக்கின்றன. கோட்டையைக் கட்டியவர்கள் 1511இல் வந்த போர்த்துகீசியர்கள். ஆண்டைப் பொறித்தவர்கள் 1641 ஜனவரி 14ஆம் தேதி அவர்களை வீழ்த்தி ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள். அந்தச் சின்னம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கம்பெனிக்கு ஒரு முத்திரையும் உண்டு. பெரிய வி எழுத்து, அதன் ஒரு காலில் ஓ, மறு காலில் சி. அந்தக் காலத்து டச்சுச் செப்புக் காசில் இந்த முத்திரையைப் பார்க்கலாம். அந்தக் காசின் பெயர் ‘டுயிட்’. நம் பிள்ளைகள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாள்தோறும் சொல்லும் மலாய்ச் சொல் அதுதான். தமிழில் நாம் சொல்லும் துட்டும் அதிலிருந்து வந்ததே. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அந்த முத்திரையை முதல் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். ஹாலந்தில் எங்கே அது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தின் பெயரை எழுதிக்கொள்வதுதான் விளையாட்டு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஒரு வாரம் முழுக்க அவர்களை நடக்கவைத்தது இந்த ஒரு விளையாட்டுதான்.

அப்படியே செந்நிறச் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். 1650 வாக்கில் கட்டிய ஸ்டாட்ஹைஸ், 1753இல் முடிந்த கிறிஸ்து ஆலயம், பக்கத்தில் பார்வைக்கு வைத்திருக்கும் சிறிய காற்றாலை. ஆலயத்தின் தரையில் பதித்திருக்கும் டச்சுக் கல்லறைக் கற்களைப் பிள்ளைகள் குனிந்து படிக்கட்டும். இந்தக் கட்டடங்கள் முதலில் வெள்ளையாக இருந்தன என்பதையும் சிவப்புப் பூச்சு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது என்பதையும் சொல்லி வைத்தால், ஆம்ஸ்டர்டாமில் போய் “ஏன் இங்கே எதுவும் சிவப்பாக இல்லை?” என்று கேட்க மாட்டார்கள். ஆற்றோரம் நிற்கும் ஃப்ளோர் டி லா மார் கப்பல் அருங்காட்சியகத்திலும் ஒரு முறை ஏறி இறங்குங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு வாரம், ஒரே ஊர்

பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாப் பொட்டலங்களைச் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் பிள்ளைகள் பார்ப்பது பேருந்தின் முதுகுச் சாய்வையும் நெடுஞ்சாலை ஓரத்துக் கழிப்பறையையும்தான். தினமும் பெட்டி கட்டி, தினமும் புதுக் கட்டிலில் படுத்து, ஐந்தாம் நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நெதர்லாந்து சிறிய நாடு. ஆம்ஸ்டர்டாமில் அல்லது அதை அடுத்த ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் ரயிலேறி மாலையில் திரும்பும் தூரத்தில் ஒரு வாரத்துக்குப் போதுமானவை கிடக்கின்றன.

எப்போது போவது? நடுவாண்டு விடுமுறை மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் விழும் ஆண்டுகளில் அதுவே சிறந்த காலம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைக்கத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும்; காற்றும் தூறலும் விடாது. டிசம்பர்தான் முடியும் என்றால் போகலாம், ஆனால் அருங்காட்சியகங்களை நம்பிப் போக வேண்டும். டியூலிப் பூக்களைப் பார்க்கும் ஆசையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். கூக்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை மட்டுமே திறந்திருக்கும். அதற்காகப் பள்ளியை நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடப்பிதழும் பெயரும்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு, 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்க, ஷெங்கன் விசா தேவையில்லை. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு விரல்ரேகை எடுப்பதில்லை. விதிகள் மாறிக்கொண்டே வருவதால் கிளம்பும் மாதத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று நம்மவர்களுக்கு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் கடப்பிதழில் அப்பா பெயர் இருக்கும். அம்மாவின் கடப்பிதழில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். அம்மாவும் பிள்ளையும் ஒரே குடும்பம் என்பதற்குக் காகிதத்தில் ஒரு எழுத்துகூடச் சான்று இல்லை. நெதர்லாந்து எல்லைக் காவலர்கள் பிள்ளைக் கடத்தலைத் தடுப்பதில் கண்டிப்பானவர்கள். அதனால் பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். பாட்டி தாத்தாவோடு பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் இதே விதி. விமானச்சீட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ போடுவதா இல்லையா என்ற குழப்பத்தையும் சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கவுண்டர் முன்னால் நின்று தீர்க்கும் விஷயம் அல்ல.

சாப்பாட்டுப் பெட்டியில் என்ன போகலாம், என்ன போகக் கூடாது? இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே கோழி ரெண்டாங்கும் நெய்யும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் இடமில்லை. மிளகாய்த் தூள், மல்லித் தூள், ரசப் பொடி, ஊறுகாய் புட்டி போகலாம்.

இறங்கியதும்

ஸ்கிப்போல் விமான நிலையம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நீரை இறைத்து நிலமாக்கினார்கள். இதை விமானம் இறங்கும்போது சொல்லுங்கள், பிள்ளைகள் சன்னலை விட்டு நகர மாட்டார்கள். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். கால் மணி நேரத்தில் ஆம்ஸ்டர்டாம் நடு நிலையம் வந்துவிடும், வாடகைக் காடி தேவையில்லை. ரயிலுக்கும் டிராமுக்கும் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், ஏறும்போது தட்டிய அட்டையையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். நாலு வயதுக்குக் கீழே கட்டணமில்லை.

கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் நம் கடிகாரத்துக்கு அவர்கள் பின்னால். முதல் மூன்று நாள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பசியாற வேண்டும் என்பார்கள். அதற்கு ரொட்டியும் பாலும் முதல் நாள் மாலையே வாங்கி வையுங்கள். திட்டாதீர்கள். விடிந்ததும் வெளியே கூட்டிப் போங்கள். காலை ஆறு மணிக்குக் கால்வாய்க் கரையில் ஆள் நடமாட்டமில்லாமல் நடப்பது அந்த ஊரில் கிடைக்கும் மிகப் பெரிய இன்பங்களில் ஒன்று. தூக்கம் கெட்ட பிள்ளைகளால்தான் எங்களுக்கு அது கிடைத்தது.

தெருவைப் பற்றி மூன்று எச்சரிக்கை. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், அங்கே வலப்பக்கம். சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்க நாம் பழக்கி வைத்திருக்கிறோம். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதை விளையாட்டாகச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். இரண்டாவது, மிதிவண்டிப் பாதை. செந்நிறமாக நடைபாதையை ஒட்டியே போகும், பார்வைக்கு நடைபாதை போலவே இருக்கும். மணியடித்துக்கொண்டு வேகமாக வருகிறவர்கள் பிள்ளை என்று பார்த்து நிறுத்தும் தூரத்தில் இருக்க மாட்டார்கள். மூன்றாவது, கால்வாய்களில் பல இடத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கையை விடவே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘காபிஷாப்’ என்று பலகை போட்ட கடையில் விற்பது கஞ்சா. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் உள்ளே போகவே முடியாது. காபி குடிக்க ‘கஃபே’ என்று எழுதிய இடத்துக்குப் போங்கள். பழைய ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சிவப்பு விளக்குச் சன்னல்கள் உண்டு. அந்த வட்டாரத்தில் அறை எடுக்காதீர்கள், இருட்டிய பின் அந்த வழியாக நடக்காதீர்கள்.

எங்கே தங்கி எதைச் சாப்பிடுவது

ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகள் மலாக்காவின் ஹீரன் தெரு வீடுகளைப் போலவே முகப்பு ஒடுங்கி, உள்ளே நீளமாகப் போகும். படிக்கட்டு ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். அழகாக இருக்கிறதே என்று கால்வாய் வீட்டில் மூன்றாம் மாடி அறையை எடுத்துவிட்டால், என் மாமியாரைப் போல முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு வாரம் சிறைப்பட்டதைப் போல இருப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே மின்தூக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அறை வாடகைக்கு மேல் ஆம்ஸ்டர்டாம் நகரம் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி வாங்குகிறது. நாங்கள் ரயிலில் கால் மணி தூரத்தில் இருக்கும் ஹார்லெமில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்தோம். அமைதியான ஊர், விளையாட்டுத் திடல் பக்கத்தில், செலவும் குறைவு. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்வது அதுதான்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். கைப்பையில் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டி எப்போதும் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைக்குப் பெரும்பாலும் காசு. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வருமுன் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். புட்டித் தண்ணீர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

உணவு விஷயத்தில் மலாக்காப் பிள்ளைக்கு ஆம்ஸ்டர்டாமில் கிடைக்கும் வசதி பாரிசிலோ ரோமிலோ கிடைக்காது. இந்தோனேசியாவை மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆட்டிப்படைத்த நாடு அது. அதனால் தெருவுக்குத் தெரு இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடை. உணவுப் பட்டியலில் நாசி கோரெங், சாத்தே, சம்பல், குருப்பு என்று இருப்பதை என் மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இவங்க மலாய் பேசுறாங்களா?” என்று கேட்டான். டச்சுக்காரர்கள் இந்தோனேசிய மளிகைக் கடையை ‘டோக்கோ’ என்றே அழைக்கிறார்கள். பல்பொருள் அங்காடியிலேயே சம்பல் ஊலெக் புட்டி கிடைக்கும். அரிசி வாங்கிச் சோறு வடித்து, ரசப் பொடியைக் கொதிக்கவிட்டு, முட்டை பொரித்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகளுக்குக் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே சாக்லேட் துகள் தூவும் வழக்கம் அந்த நாட்டில் உண்டு. ‘ஹாகல்ஸ்லாக்’ என்று பெயர். டச்சுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் சாப்பிடுவதே அதைத்தான். ஒரு வாரத்துக்குத் தடுக்காதீர்கள்.

அதற்கும் மேலே ஒரு சாப்பாடு இருக்கிறது, அதை ஒரு வேளையாவது சாப்பிட்டே ஆக வேண்டும்: சூரிநாம் ரொட்டி. தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த சூரிநாமில் 1863இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போகவே, 1873லிருந்து கல்கத்தா வழியாக வட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். ‘லல்லா ரூக்’ என்பது முதல் கப்பலின் பெயர். சூரிநாம் 1975இல் விடுதலை பெற்ற காலத்தில் அவர்களின் வழிவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நெதர்லாந்துக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் நடத்தும் கடையில் மெல்லிய ரொட்டி, கோழிக்கறி, உருளைக்கிழங்கு, நீட்டுப் பயற்றங்காய், அவித்த முட்டை ஒரே தட்டில் வரும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜாத் தோட்டங்களின் லயத்து வீட்டில் பாட்டி சமைத்த கோழிக்கறிக்கும் அதற்கும் மசாலாவில் வேறுபாடு உண்டு, வாசனையில் உறவு உண்டு. நம் தாத்தாக்களைக் கங்காணி பால்மரத்துக்கு அழைத்து வந்தார். அவர்களின் தாத்தாக்களை ஏஜெண்டு கரும்புக்கு அழைத்துப் போனார். சாப்பிட்டுக்கொண்டே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடைக்காரப் பெண்ணிடம் நாங்கள் தோட்டத்து வம்சம் என்று சொன்னபோது, அவர் என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு ரொட்டி வைத்தார்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது

ஒரு நாளைக்கு ஓர் இடம். மதியத்துக்கு மேல் பூங்கா அல்லது படகு. இதற்கு மேல் திட்டம் போட்டால் அழுகையில்தான் முடியும்.

முதல் நாள் எந்தச் சீட்டும் வாங்க வேண்டாம். நடு நிலையத்தின் பின்பக்கம் போனால் ஐ நீர்நிலையைக் கடக்கும் படகுகள் நிற்கும். கட்டணமே இல்லை. நாள் முழுக்க ஓடும், மிதிவண்டியோடும் ஏறலாம். போய் வந்து, மறுபடி போய் வந்து, என் பிள்ளைகள் இதையே பயணத்தின் சிறந்த நேரம் என்று சொன்னார்கள். பிறகு கால்வாய் ஓரம் நடந்து வீடுகளின் உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டு முகட்டிலும் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் ஏற முடியாத கட்டிலையும் அலமாரியையும் கயிறு கட்டித் தூக்கிச் சன்னல் வழியாக உள்ளே விட அது. எத்தனை கொக்கி என்று எண்ணவிடுங்கள்.

இரண்டாம் நாள் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம். 1656இல் கடற்படைக் கிடங்காகக் கட்டிய கட்டடம். அதன் துறையில் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்ற கம்பெனிக் கப்பலின் முழு அளவு நகல் கட்டப்பட்டிருக்கிறது. உண்மைக் கப்பல் தன் முதல் பயணத்திலேயே, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில், 1749இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையில் தரைதட்டியது. மலாக்கா ஆற்றோரம் ஃப்ளோர் டி லா மாரில் ஏறச் சொன்னது இதற்குத்தான். அது மலாக்காவில் கொள்ளையடித்ததை ஏற்றிக்கொண்டு 1511இல் சுமாத்ராக் கரையருகே மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் நகல். இது மிளகும் பட்டையும் அள்ளப் புறப்பட்டு மண்ணில் புதைந்த டச்சுக் கப்பலின் நகல். இரண்டு கப்பலிலும் ஏறிய பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் தனியாகத் தேவையில்லை. போகும் முன் கப்பல் பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாம் சதுக்கத்து அரண்மனை முதலில் நகர மண்டபமாகக் கட்டப்பட்டது. வேலை தொடங்கிய ஆண்டு 1648. நம் ஸ்டாட்ஹைஸும் அதே காலத்துக் கட்டடம், அதே வேலைக்கானது. ‘ஸ்டாட்ஹைஸ்’ என்றாலே நகர மண்டபம்தான். சதுப்பு நிலத்தில் 13,659 மரத் தூண்களை அடித்து இறக்கி அதன் மேல் எழுப்பினார்கள். பெரிய கூடத்தின் பளிங்குத் தரையில் உலக வரைபடம் பதித்திருக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் நடந்து நம் கரை எங்கே என்று தேடலாம். அரச விழா நாட்களில் மூடிவிடுவார்கள்.

ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 18 வயது வரை கட்டணமில்லை. பெரிய இடம், எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், நாலே நாலு போதும். ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய ‘இரவுக் காவல்’: மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போன மறு ஆண்டு வரைந்தது என்று சொன்னால் பிள்ளைக்குக் காலம் பிடிபடும். பெட்ரொநெல்லா ஊர்ட்மன் என்ற செல்வப் பெண்மணி செய்வித்த பொம்மை வீடு: 17ஆம் நூற்றாண்டுச் சமையலறையும் தொட்டிலும் விரலளவில். என் மகள் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றாள். பேக்மன் வரைந்த பத்தாவியாக் கோட்டை ஓவியம்: தென்னை மரமும் சந்தையும் பல இனத்து மக்களும் நிறைந்தது. கடைசியாக ஆசியக் கூடத்தில் தமிழ்நாட்டுச் சோழர் கால நடராசர். ஒன்றரை மீட்டர் உயரம். உள்ளே கூடு விடாமல் முழு உலோகமாக வார்த்தது என்று எக்ஸ்ரே சோதனையில் கண்டறிந்தார்கள். அதனால்தான் அத்தனை எடை. என் மாமியார் செருப்பைக் கழற்றப் போனார், நான் தடுக்கவில்லை. ஒரு தெய்வத்தைக் கண்ணாடியும் விளக்கும் சூழப் பார்க்க வருத்தமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

மழை நாளுக்கு நேமோ அறிவியல் கூடம். பச்சைக் கப்பல் ஒன்று நீரிலிருந்து எழுவதைப் போல ரென்சோ பியானோ வடிவமைத்தது, 1997இல் திறந்தது. தொடாதே என்று யாரும் சொல்லாத இடம் என்பதால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சொர்க்கம். வெயில் நாளுக்கு வொண்டல் பூங்கா.

ஆன் ஃபிராங்க் வீட்டைப் பற்றி யோசித்து முடிவெடுங்கள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை ஆன் என்ற யூதச் சிறுமி உட்பட எட்டுப் பேர் நாசிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த அறைகள் அவை. அந்தச் சிறுமி நாசி முகாமில் இறந்துபோனாள். பத்து வயதுக்கு மேல் என்பதே அருங்காட்சியகத்தின் பரிந்துரை. அந்த வயதுப் பிள்ளையோடு ஒருவர் போகட்டும், மற்றவர் சிறியவர்களை வெளியே பார்த்துக்கொள்ளட்டும். சீட்டு இணையத்தில் மட்டும்தான். ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டைச் செவ்வாய்க்கிழமைதோறும் வெளியிடுகிறார்கள். அன்றே வாங்காவிட்டால் கிடைப்பது கடினம்.

முத்திரை வேட்டைக்கு ஓர் இடம் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பழைய ஹோக் தெருவில் கிழக்கிந்திய மாளிகை இருக்கிறது. கம்பெனியின் தலைமையகமாக 1606இல் எழுந்தது. இன்று பல்கலைக்கழகக் கட்டடம். முற்றம் வரை போய்ப் பார்க்கலாம். மலாக்கா ஆளுநருக்குக் கட்டளைகள் முடிவானது இந்த வீட்டில் கூடிக் கம்பெனியை நடத்திய பதினேழு கனவான்களின் மேசையில். எங்கள் தெருவை ஆண்டவர்கள் உட்கார்ந்த இடம் இதுவா என்று என் மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோயிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு, வடகோடித் துறைமுக ஊரான டென் ஹெல்டரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய வரதராஜ செல்வவிநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். மலாக்காவில் பொற்கொல்லர் தெருவில் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகரைக் கும்பிட்டுக் கிளம்பியவர்கள், டச்சு மண்ணிலேயே இன்னொரு விநாயகரைக் கும்பிட்டுத் திரும்பலாம்.

ஹோர்னுக்கு ஒரு நாள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹோர்ன் என்ற சிறு துறைமுக ஊர். கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இங்கே இருந்தது. நம் ஸ்டாட்ஹைஸ் இந்த ஊரின் பழைய நகர மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது என்று மலாக்காவில் சொல்வார்கள். அந்த மூலக் கட்டடம் இன்று இல்லை. இரண்டு ஊரும் இப்போது சகோதர நகரங்கள். இவ்வளவு இருந்தும் மலாக்காவிலிருந்து போகிறவர்கள் காற்றாலையைப் படம் பிடித்துக்கொண்டு இந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ரயில் நிலையத்தை ஒட்டியே நீராவி டிராம் அருங்காட்சியகம். மெடம்ப்ளிக் வரை பழைய நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வயல்வெளியில் போகும். துறைமுகத்துச் சுவரில் மூன்று வெண்கலச் சிறுவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். போன்டகூ என்ற கப்பல் தலைவனோடு கிழக்கே போன கப்பல் பையன்களைப் பற்றி யோஹான் ஃபாப்ரிசியஸ் 1924இல் எழுதிய சிறுவர் நாவலின் பாத்திரங்கள் அவர்கள். அந்த வயதுப் பையன்கள்தான் நம் பக்கம் வந்த கப்பல்களில் எடுபிடி வேலை செய்தார்கள், பலர் திரும்பவில்லை.

ஊரின் நடுச் சதுக்கத்தில் நிற்கும் சிலை யான் பீட்டர்சன் கூன் என்பவருடையது. 1587இல் இந்த ஊரில் பிறந்தவர். பத்தாவியாவை நிறுவியவர். 1621இல் சாதிக்காய்க்காகப் பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்தவரும் அவரே. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. நம் சோழமண்டலக் கரையிலும் பஞ்சம் வந்த ஆண்டுகளில் இதே கம்பெனி மனிதர்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றியது. நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் 2023 ஜூலை 1ஆம் தேதி அடிமை வணிகத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியுமா என்று தயங்க வேண்டாம். கால்வாய் வீடுகள் அழகானவை, அவற்றின் பணத்தில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்து போனது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாலே போதும். மீதியை அவர்களே கேட்பார்கள். என் மகன் சிலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் அதை வரைய மாட்டேன் என்றான். அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

நீராவி டிராம் பெரும்பாலும் கோடைப் பருவத்தில், அதிலும் குறிப்பிட்ட நாட்களில்தான் ஓடும். அதனால் ஒரு வாரத் திட்டம் போடும்போது அதன் கால அட்டவணையை முதலில் பார்த்து ஹோர்னுக்கான நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஆறு நாளையும் அதற்கு ஏற்ப அடுக்குங்கள்.